மிஸ் லூவீனியாவின் கேக்

கேக்கைக் காரின் கூரைமேல் வைத்தது வெர்லீனுக்கு ஞாபகம் இருந்தது. சாவியைத் தேடிக் கதவைத் திறந்ததும் ஞாபகம் இருந்தது. கேக்கை எடுத்து உள்ளே வைத்தது மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தாள். கூரை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. வந்த வழியே அரை மைல் திரும்பிப் போனபோது கேக் கிடைத்தது. கல்லூரியின் பழைய மாணவர்கள் கூடும் ஹோம்கமிங் திருவிழா ஊர்வலத்துக்குப் போன வாத்தியக் குழுவின் பேருந்து அதன்மேல் ஏறி இறங்கியிருந்தது.

வெர்லீன் நடுச்சாலையில் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

அது சாதாரணக் கேக் அல்ல. வெர்லீனின் கல்லூரிச் சகோதரிச் சங்கத்தில் மூத்தவரான, ஊரே மரியாதைக்கு 'மிஸ்' போட்டு அழைக்கும் லூவீனியா வருடத்துக்கு ஒரே ஒரு முறை தன் கையால் செய்யும் ஏழடுக்குக் கேரமல் கேக். அவருடைய ஒரே மகன் லமான்ட், அரிவாள் செல் என்ற ரத்த நோயில் பத்து வயதில் போய்விட்டான். அவன் பிறந்தநாளுக்குச் செய்த அதே கேக்கைத்தான் முப்பத்தொரு வருடமாக ஹோம்கமிங் அன்று ஏலம் விடுகிறார்கள். நோயாளிப் பிள்ளைகளை அறுபது மைல் தள்ளியிருக்கும் மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வரும் வேன் அந்தப் பணத்தில்தான் ஓடுகிறது. வெர்லீனின் மகள் ஜாலிசாவும் அதே நோயோடு அந்த வேனில் போய் வந்து வளர்ந்தவள்தான்.

கேக்கை மைதானத்துக்குக் கொண்டுசேர்ப்பது இந்த வருடம் வெர்லீனின் பொறுப்பு. ஏலத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

நெடுஞ்சாலையோரப் பேக்கரியில் கூட்டம் வழித்துத் துடைத்துவிட்டுப் போயிருந்தது.

"ஒரே ஒரு கேக்குதான் இருக்கு. நேத்தே எடுத்துட்டுப் போயிருக்கணும், ஆளே வரல," என்றாள் கடைக்காரி.

கேக்கின்மேல் நீல எழுத்தில், 'இனிமேல் ஓய்வுதான், பர்விஸ்!' என்று எழுதியிருந்தது.

"யாரு இந்த பர்விஸ்?"

"எனக்கென்ன தெரியும்? ஓய்வு வேணாம்னு முடிவு பண்ணிட்டாரோ என்னமோ."

வெர்லீன் காரில் உட்கார்ந்து பிளாஸ்டிக் கத்தியால் பர்விஸைச் சுரண்டினாள். பர்விஸ் போகவில்லை, பரவினார். வெள்ளைக் கிரீம் முழுவதும் வானம்போல் வெளிர்நீலமானது. மறுபடி கடைக்குள் ஓடி இரண்டு பாட்டில் கேரமலும் ஒரு பொட்டலம் பீக்கன் பருப்பும் வாங்கி வந்து, கேரமலை ஊற்றினாள். அது ஒரு பக்கமாக வழிந்து அவள் மடியில் இறங்கியது. வழிவதைத் தடுக்கச் சுற்றிலும் பருப்பை ஒட்டினாள். கடைசியில் பார்த்தபோது கேக் முள்ளம்பன்றி மாதிரி இருந்தது.

கல்லூரி மைதானத்துக்கு வெளியே கூடாரங்கள் நிரம்பியிருந்தன. கெளுத்தி மீன் பொரியும் வாசனையும் முரசுச் சத்தமும் சேர்ந்து வந்தன. ஊதாவும் வெள்ளியும் உடுத்திய சகோதரிகளின் நடுவே, பெரிய தொப்பியோடு மிஸ் லூவீனியா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர் தியோடிஸ், வழக்கம்போல் யாரோடும் பேசாமல் மீன் தின்றுகொண்டிருந்தார்.

மிஸ் லூவீனியா கண்ணாடியை இறக்கிக் கேக்கைப் பார்த்தார்.

"ஏம்மா வெர்லீன், என் கேக்கு ஏன் குள்ளமாயிடுச்சு?"

"வெயிலுங்க. கொஞ்சம் அமுங்கிடுச்சு."

"இந்தப் பருப்பு?"

"அழகுக்கு."

"நான் செஞ்சதுல அழகு பத்தலயா உனக்கு?"

வெர்லீன் அவசரமாக மகள் பக்கம் நகர்ந்தாள். உடம்பு குளிர்ந்துவிடக் கூடாதென்று வெயிலிலும் போர்வை போர்த்திக்கொண்டு டி-ஷர்ட் விற்றுக்கொண்டிருந்த ஜாலிசா, "அம்மா, உன் மடியில என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல, சும்மா இரு," என்றாள் வெர்லீன்.

இனி ஒரே வழிதான். ஏலத்தில் தானே எடுத்துக்கொண்டு, யாரும் வெட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.

ஏலம் ஆரம்பித்ததும், "நூறு டாலர்!" என்று முதல் ஆளாகக் கை தூக்கினாள்.

"இருநூறு," என்றார் பின்னாலிருந்து பல் டாக்டர் ரோஸ்கோ புல்லர்ட்.

"முந்நூறு!"

"அட, சிஸ்டர் வெர்லீன்! உங்க பள்ளிக்கூட பஸ் ஆபீசுல சம்பளம் கூட்டிட்டாங்களா? ஐந்நூறு."

"எழுநூறு!"

"அம்மா, உனக்கு என்ன ஆச்சு?" ஜாலிசா அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். வெர்லீன் மறு கையைத் தூக்கினாள். "தொள்ளாயிரம்!"

கூட்டம் ஓவென்று கத்தியது. ரோஷம் வந்துவிட்ட டாக்டர் எழுந்து நின்று கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

"ரெண்டாயிரம்."

வெர்லீனின் கை தானாகவே இறங்கியது. அந்தக் கேக் எந்த வருடமும் எண்ணூறைத் தாண்டியதில்லை.

"சரி, பொட்டலம் கட்டித் தரேன், வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க டாக்டர்!" என்று அவசரமாக ஓடினாள்.

"வீட்டுக்கா? ரெண்டாயிரம் குடுத்துட்டு நான் மட்டும் திங்கறதா? இங்கயே வெட்டுங்க! எல்லாருக்கும் ஒரு துண்டு!"

கைதட்டல் அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. மிஸ் லூவீனியா கத்தியை வாங்கி, கண்ணை மூடி மகன் பெயரை முணுமுணுத்துவிட்டு வெட்டினார். ஒரு துண்டை வெளியே இழுத்தார்.

உள்ளே செக்கச் செவேலென்று இருந்தது.

ஏழு மஞ்சள் அடுக்குகளை எதிர்பார்த்து நின்ற கூட்டம் எக்கி எக்கிப் பார்த்தது. 

"கூரைமேல வச்சேன், மறந்துட்டேன்!" அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது. "பஸ்சு ஏறிடுச்சு! இது கடைக் கேக்கு. பர்விஸ்னு ஒருத்தரோடது. பொய் சொன்னது தப்புதான், மிஸ் லூவீனியா. வேன் நின்னுடக் கூடாதேன்னுதான்... டாக்டர், உங்க பணத்தை வேணும்னா திருப்பி..."

"பணத்தை விடும்மா. வேனுக்குத்தானே குடுத்தேன்," என்றார் டாக்டர். ஆனால் அவர் கண்ணும் மிஸ் லூவீனியாமேல்தான் இருந்தது.

மிஸ் லூவீனியா கத்தியைக் கீழே வைத்தார். சிவப்புத் துண்டையே பார்த்தார். கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டார். மென்றார். இன்னும் கொஞ்சம் கிள்ளினார். தொப்பி நடுங்கியது. கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

வெர்லீன் அவர் காலடியில் மண்டியிட்டுவிட்டாள். "மன்னிச்சிடுங்க. உங்க பையன் நினைவையே கெடுத்துட்டேன்."

மிஸ் லூவீனியா ஒரு கையால் அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். தொப்பியின் நடுக்கம் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. மறு கை இன்னொரு துண்டுக்கு நீண்டது.

அப்போதுதான் தியோடிஸ் மீன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அன்று முதல் முறையாகப் பேசினார்.

"எந்திரிம்மா. இவ சுட்ட கேக்கை லமான்ட் வருஷா வருஷம் மேசைக்கடியில எங்க நாய்க்குத்தான் போட்டான். அழுது அழுது கேட்டது இந்தச் செவப்புக் கடைக் கேக்கைத்தான்."