ஒரு கரண்டிச் சத்தத்தின் எடை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தராசுக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். சாதாரண முடிவு இல்லை. நாட்டை ஆளுகிறவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவிக்கிற ரக முடிவு. இனி இந்த வீட்டில் கரண்டிச் சத்தம் கேட்கக் கூடாது.

அவர் மனைவிக்கு ஒரு பழக்கம். எதைக் கிளறினாலும், எதைக் கலக்கினாலும், முடித்த கையோடு கரண்டியைப் பாத்திர விளிம்பில் தட்டுவார். டங், டங். ஒட்டியிருக்கிற சொட்டு உதிர்வதற்காகத் தட்டுகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தராசுக்காரருக்கோ அந்தச் சத்தம் கடைவாய்ப் பல்லில் அகப்பட்ட மணல். பேப்பரில் முக்கியமான வரிக்கு வரும்போது டங். கண் சொருகும்போது டங்.

தராசுக்காரர் என்பது சந்தை வைத்த பெயர். கடை கடையாகப் போய் எடைக்கல்லையும் தராசையும் சோதித்து முத்திரை போடுகிற ஆய்வாளர் அவர். மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. தெருவுக்கே டீச்சர். கொஞ்சம் பயம் வந்தால் கணவருக்கும் டீச்சர்.

தராசுக்காரரிடம் ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. பழைய ஆபீசைக் காலி செய்தபோது ஏலத்தில் எடுத்தது. ஜன்னலோரம் கிடக்கும். உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. வேறு யார் உட்கார்ந்தாலும் அந்தப் பள்ளம் அவர்களை ஏற்றுக்கொள்ளாது. அசைந்தால் கிறீச் என்னும். அந்தக் கிறீச் அவர் காதில் விழுந்ததே இல்லை. தன்னுடைய சத்தம் தனக்குக் கேட்காது என்பது ஆண்களுக்கு இயற்கை தந்த தனிச் சலுகை போலிருக்கிறது.

அந்த நாற்காலிக்கும் குப்பை வண்டிக்கும் ஜென்மப் பகை. வண்டி தினமும் காலையில் தெருமுனையில் வந்து நின்று மணி அடிக்கும். மூச்சு விடுகிற நேரம் நிற்கும், போய்விடும்.

"என்னங்க, குப்பை வண்டி!"

"இதோ."

அந்த 'இதோ'வை ஒரு சொல் என்று நினைத்தால் ஏமாந்தோம். அது ஒரு காலகட்டம். முதலில் பேப்பர் மடிய வேண்டும். பிறகு கண்ணாடி கழல வேண்டும். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆட்டம், இன்னொரு ஆட்டம், உந்தி எழ ஒரு பெருமூச்சு. அவர் எழுந்து நிற்கும்போது டீச்சர் பாதித் தலையைப் பின்னியபடி கூடையோடு தெருமுனைக்குப் பாதி தூரம் ஓடியிருப்பார். பள்ளிக்கூட மணிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டியவர் அவர். ஆபீசுக்குச் சாவகாசமாகக் கிளம்புகிறவர் இவர். யார் ஓட வேண்டும்? ஊர்த் தராசையெல்லாம் தட்டிப் பார்க்கிற மனிதர் சொந்த வீட்டுத் தராசை ஒரு நாளாவது தட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? பார்க்கவில்லை. கரண்டிச் சத்தம்தான் அவருக்குப் பெரிசாகக் கேட்டது.

ஆக, ஞாயிற்றுக்கிழமை. சமையலறை வாசலில் போய் நின்றார்.

"இங்க பாரு, ஒரு ஒப்பந்தம் பண்ணிக்கலாம்."

"காலங்காத்தால ஒப்பந்தமா? உடம்பு சரியில்லையா?"

"கேலி பண்ணாத. எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒண்ண நீ விடு. உனக்குப் பிடிக்காதது ஒண்ண நான் விடறேன். எடைக்கு எடை."

டீச்சர் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினார். கையில் கரண்டி.

"நான் எதை விடணும்?"

"அதோ, அதைத்தான். டங் டங்."

டீச்சர் கரண்டியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று வந்து, நிற்காமல் போனது. என்ன அது என்று தராசுக்காரர் யோசித்திருக்கலாம். அவர் யோசிக்கவில்லை, பேரம் படியுமா என்கிற கவலையில் இருந்தார்.

"நிஜமாவே பிடிக்கலையா?"

"தலைக்குள்ள யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு."

"சரி, விட்டுடறேன். நீங்க அந்த நாற்காலிய விட்டுடுங்க."

"நாற்காலி பழக்கமா? அது பொருள்!"

"அதுல உக்காந்தா எழுந்திரிக்காம இருக்கறது பழக்கம்தானே?"

"அது மட்டும் கேக்காத. வேற எது வேணும்னாலும் கேளு."

"அப்ப ஈரத் துண்டு. குளிச்சிட்டு வந்து மெத்தை மேல போடறீங்களே, அது கூடாது."

தராசுக்காரருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஒரு துண்டு! என்ன எடை இருக்கும்? ஈரத்தோடு சேர்த்தாலும் பெரிசாக ஒன்றும் இல்லை.

"சம்மதம்."

"இருங்க. கொசுறு?"

"கொசுறா?"

"சந்தையில கொசுறு இல்லாம எந்தப் பொம்பள வாங்கியிருக்கா? பேஸ்ட்ட நடுவுல பிதுக்கக் கூடாது. கடைசியிலேருந்து."

"ஒழியட்டும், சரி."

வெற்றியோடு நாற்காலிக்குத் திரும்பினார். கிறீச். பிரமாதமான பேரம் என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

மறுநாள் காலை வீடு நிசப்தமாக இருந்தது. டீச்சர் கரண்டியை ஒரு துணியில் ஒற்றி, தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி மேடையில் கிடத்தினார். தராசுக்காரர் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இடையூறில்லாமல் படித்தார். மணப்பெண் தேவை, மணமகன் தேவை, வாடகைக்கு இடம், எல்லாம் படித்தார். அப்புறம்தான் உறைத்தது, காப்பி வரவில்லை.

போய்ப் பார்த்தால் மேடை மேல் டம்ளர் இருந்தது. மேலே ஆடை கட்டி, உள்ளே ஆறிப் போய்.

"ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டா சத்தம்ங்க."

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். இதற்கு நடுவே இன்னொரு தொல்லை. பெரிய சத்தம் போனதும் சின்னச் சத்தங்களுக்கெல்லாம் துளிர் விட்டுப்போனது. குழாய் சொட்டியது. ஃபிரிட்ஜ் முனகியது. மாடியில் குடியிருக்கிற தையல்காரரின் மெஷின் கடகடவென்று உச்சந்தலையில் ஓடியது. தராசுக்காரர் பேப்பரைத் தாழ்த்திக்கொண்டு, வராத ஒரு சத்தத்துக்காகக் காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கே புரியவில்லை.

புரிந்தது ஒரு மளிகைக் கடையில்.

கடைக்காரரின் தராசைச் சோதித்துக்கொண்டிருந்தார். எல்லாக் கடையிலும் எண் காட்டும் மெஷின் வந்துவிட்டது. இந்தக் கடையில் மட்டும் ஒரு மூலையில் பழைய பித்தளைத் தட்டுத் தராசு தொங்கியது. அது அவருக்குப் பிடித்த தராசு. முள் நடுவில் வந்து நிற்பதற்கு முன்னால் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கொஞ்சம் தயங்கும் பாருங்கள், அந்தத் தயக்கம் மெஷினில் கிடையாது. அதையே பார்த்துக்கொண்டு முத்திரையைக் கையில் எடுத்தார். அந்த நேரம் கடைக்காரர் பருப்பு அள்ளிய முகவையைத் தகர டப்பாவின் விளிம்பில் தட்டினார். டங், டங், டங்.

தராசுக்காரர் எழுந்தார். முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, தலைமுடியை ஒரு கையால் படிய வாரிவிட்டுக்கொண்டு, நடக்க ஆரம்பித்தார்.

"சார்! எங்க கிளம்பிட்டீங்க? முத்திர போடலையே!"

"தண்ணி... தண்ணி குடிச்சிட்டு வரேன்."

வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. தண்ணி குடிச்சிட்டு வரேன். எத்தனை வருஷமாயிற்று இந்த வாக்கியத்தைச் சொல்லி!

கல்யாணமான புதிது. நீளமான வீடு. முன் அறையில் அப்பா, அண்ணன், அண்ணி, யாராவது ஒரு விருந்தாளி. சமையலறை கடைசியில், ரயில் பெட்டி மாதிரி ஒரு நடையைத் தாண்டி. அவ்வளவு பேருக்கு நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிடப் புதுப்பெண்ணுக்குக் கூச்சம். எழுந்து போகப் புதுமாப்பிள்ளைக்குக் கூச்சம். அப்போது டீச்சராகவில்லை அவர். ஆசிரியைப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆனால் டீச்சர் சாமர்த்தியம் அப்போதே இருந்தது. கரண்டியால் இரண்டு தட்டு தட்டினால் காப்பி ரெடி. மூன்று தட்டு தட்டினால், இங்கே யாரும் இல்லை, வரலாம்.

மூன்று கேட்டதும் இவர் எழுவார். "தண்ணி குடிச்சிட்டு வரேன்." இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நடையில் விரைவார். உள்ளே பேசியது பெரிதாக ஒன்றும் இருக்காது. ஜன்னல் வழியே வருகிற வெயிலில், கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அவர் ஒரு சிரிப்புச் சிரிப்பார். அவ்வளவுதான். அதற்காக இவர் ஒரு நாளில் குடித்த தண்ணீரில் ஒரு தோட்டமே வளர்ந்திருக்கும்.

"இவனுக்கு என்னடா எந்நேரமும் தாகம்? டாக்டர்கிட்ட காட்டுங்க, சர்க்கரையா இருக்கப்போகுது," என்று அப்பா ஒரு நாள் சபையில் கவலைப்பட்டார். அண்ணி சிரித்த சிரிப்பில் விருந்தாளிக்குப் புரை ஏறியது.

பிறகு தனி வீடு வந்தது. யாருக்கும் ஒளிய வேண்டாத வீட்டில் ஜாடைக்கு என்ன வேலை? மூன்று தட்டு நின்றது. இரண்டு தட்டு மட்டும் நிற்காமல், தினம் தினம், அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் அதற்குத் தொல்லை என்று பெயர் வைத்திருக்கிறார்!

அன்று சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றவர் ஒப்பந்தம் பேச வந்தவர் மாதிரி இல்லை. வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையன் மாதிரி இருந்தார்.

"அந்தக் கரண்டி... தட்டேன்."

"ஆணி அடிக்கிற மாதிரி இருக்குன்னீங்க?"

"ஞாபகம் வந்துடுச்சு."

"என்ன ஞாபகம்?"

"தாகம்."

டீச்சர் குனிந்து அடுப்பைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். காதோரம் சிவந்ததா, அடுப்புச் சூடா, தெரியவில்லை.

"இத்தன வருஷமா காப்பிக்கு எப்படிச் சரியா எழுந்து வந்தீங்கன்னு நினைச்சீங்க? வாசனையாலயா?"

"தப்புதான். தட்டு."

"தட்டலாம். என்ன தருவீங்க?"

"என்னது?"

"எடைக்கு எடைன்னு சொன்னது யாரு? நிறுத்தறதுக்கு ஒரு விலை. ஆரம்பிக்கறதுக்கு ஒரு விலை. நாற்காலி."

"அநியாயம்! சரி, அப்ப துண்டையாவது திருப்பிக் குடு. பேஸ்ட்டையாவது..."

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. கடையில போர்டு பாத்ததில்லையா?"

தராசுக்காரர் நாற்காலியைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அதன் பள்ளம் அவரைக் கெஞ்சியது. ஒரு பக்கம் அந்தப் பள்ளம். இன்னொரு பக்கம் அந்த நடை, அந்த வெயில், அந்தச் சிரிப்பு. முள் தயங்கியது. கொஞ்ச நேரம் தயங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"எடுத்துக்கோ," என்றார், நாற்காலிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு.

எடுத்துப் போக மாடித் தையல்காரர் வந்தார். கழுத்தில் அளவு நாடா. நாள் பூரா ஸ்டூலில் குனிந்து அவருக்கு இடுப்பு போயிருந்தது.

"குடுத்து வெச்சவன் நானு. கவலைப்படாதீங்கண்ணே, மாடிப்படித் திருப்பத்துல இடிக்காமப் போகும். அன்னைக்கே அளந்து பாத்துட்டேன்."

"என்னைக்கு?"

"போன ஞாயித்துக்கிழமைண்ணே. அண்ணி வந்து, நாற்காலி ஒண்ணு வரும், இடம் ஒழிச்சு வைங்கன்னாங்களே."

தராசுக்காரர் டீச்சரைத் தேடினார். டீச்சர் அவசரமாக எதையோ கழுவப் போயிருந்தார்.

மறுநாள் காலை ஜன்னலோரம் வெறுமையாக இருந்தது. தராசுக்காரர் சுவரில் சாய்ந்து நின்றபடி பேப்பரைப் பிரித்தார். மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. கிறீச்... கிறீச். இவ்வளவு மோசமாகவா கத்தும் அது? இத்தனை காலம் இதை இந்த வீட்டில் ஒருத்தர் கேட்டுக்கொண்டா இருந்தார்?

டங், டங்.

ஓடினார். காப்பி கொதித்துக்கொண்டு இருந்தது. நாக்கைச் சுட்டுக்கொண்டு சந்தோஷமாகக் குடித்தார். இந்தச் சூட்டுக்கு ஒரு நாற்காலி என்ன, நாலு கொடுக்கலாம் என்று தோன்றியது. திரும்பி வந்து மறுபடி சுவரில் சாய்ந்தார்.

டங், டங், டங்.

பேப்பர் நழுவி விழுந்தது. மூன்று! எண்ணியதில் தப்பில்லை, எண்ணிக்கை அவர் தொழில். தலைமுடியைப் படிய வாரிவிட்டுக்கொண்டார். வீட்டில் வேறு யாரும் கிடையாது என்றாலும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "தண்ணி குடிச்சிட்டு வரேன்," என்று காலி அறையிடம் சொல்லிவிட்டு, இருபத்தைந்து வயசுக் காலோடு விரைந்தார்.

சமையலறையில் வெயில் விழுந்திருந்தது. டீச்சர் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றார். தலை அழகாக, முழுசாகப் பின்னியிருந்தது. கை முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்திருந்தது. முகத்தில் அதே சிரிப்பு.

"யாரும் இல்லையே?" என்றார் தராசுக்காரர், குரலைத் தாழ்த்தி.

"யாரும் இல்லைங்க," என்று டீச்சர் கூடையை முன்னால் எடுத்து அவர் கையில் கொடுத்தார். "குப்பை வண்டி மட்டும்தான் வந்திருக்கு. ஓடுங்க."