ஒண்ணும் பண்ணாதுங்க

நம்மூரில் 'ஒண்ணும் பண்ணாதுங்க' என்றொரு மனித இனம் பெருகிவருகிறது. விடிந்ததும் கடற்கரைச் சாலைக்குப் போனால் பார்க்கலாம். அடையாளம் சுலபம். நாய்க்கு மாட்ட வேண்டிய வார் அவர் கழுத்தில் தொங்கும். நாயோ எங்கோ முன்னால் வந்து உங்கள் முழங்காலை முகர்ந்துகொண்டிருக்கும். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். அவர் தூரத்திலிருந்தே கையை ஆட்டி, "ஒண்ணும் பண்ணாதுங்க" என்று திருவாய் மலர்வார்.

தேவதாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் மகள் வீட்டுக்குப் போய்வந்தவர். அங்கே பூங்காவில் நாய்கள் வாரில்லாமல் எசமானர் காலடியிலேயே நடந்ததைக் கண்டு சொக்கிப்போனார். அப்படி நடக்கவைக்க அந்த எசமானர்கள் பட்ட பாட்டை மட்டும் பார்க்கவில்லை. திரும்பி வந்தார், ஒரு லாப்ரடார் வாங்கினார், பிஜூ என்று பெயர் வைத்தார், வாரைக் கழற்றினார். பயிற்சி முடிந்தது. உத்தரவெல்லாம் பிரெஞ்சில்தான். உட்காரச் சொல்ல 'அஸ்ஸி' என்பார். பிஜூ கடலைப் பார்க்கும். உரக்க 'அஸ்ஸி' என்பார். பிஜூ யாருடைய பிஸ்கட்டையாவது பார்க்கும்.

உண்மையில் பழக்கப்பட்டது யார்? 'ஓடாதீங்க', 'கண்ணப் பாக்காதீங்க', 'கையத் தூக்காதீங்க', 'அப்பிடியே நில்லுங்க' என்று அவர் சொல்லச் சொல்ல, வரி கட்டும் குடிமக்கள் அத்தனை பேரும் வரிசையாகக் கீழ்ப்படிகிறோமே, நமக்கு ஒரு பிஸ்கட்டாவது போடுகிறாரா?

நெல்லித்தோப்பு செல்வாம்பாளும் அங்கேதான் நடப்பார். மில்லில் வேலை பார்த்தவர், சர்க்கரைக்காரர். பாதத்தில் உணர்ச்சியே இல்லை. தினமும் நடக்க வேண்டும், ஆனால் வெறுங்காலைத் தரையில் வைக்கவே கூடாது, புண் வந்தால் விரலே போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதற்கென்றே மெத்தென்ற செருப்பு போட்டிருந்தார்.

போன வாரம் பிஜூ அவர்மேல் தாவியது. செல்வாம்பாள் கத்திக்கொண்டு கட்டைச் சுவரில் சாய்ந்தார். கழன்ற செருப்பைக் கவ்விக்கொண்டு நாய் சுவருக்கு அப்பால் கடலோரப் பாறைகளில் இறங்கியது.

"வெளையாடுதும்மா. நீங்க பயந்தாத்தான் அது கிட்ட வரும்" என்றார் தேவதாஸ்.

"அதெல்லாம் இருக்கட்டும்ங்க. அதுகிட்டேருந்து செருப்ப வாங்கிக் குடுங்க. நான் கீழ கால் வைக்கக் கூடாது."

தேவதாஸ் 'அஸ்ஸி' என்றார். பிஜூ செருப்பைக் கடலில் போட்டுவிட்டு வாலை ஆட்டியது. "இன்னிக்கு நல்ல குஷில இருக்கு" என்று பெருமைப்பட்டுக்கொண்டே அவர் அதன் பின்னால் போனார். மன்னிப்பா? அதெல்லாம் கடிபட்டவர்களுக்குத்தான்.

காலையில் அந்தச் சாலைக்குள் வண்டி வராது. செல்வாம்பாள் ஒரு துணிப்பையைக் காலில் சுற்றிக்கொண்டு ஆட்டோ வரை நடந்தார். வலிக்கவில்லை, அதுதான் வினை. வீட்டில் தரையெல்லாம் ரத்தம் கண்டு மருமகள் மாலா அலறிய பிறகே கண்ணாடிச் சில்லு ஏறியிருப்பது தெரிந்தது. இப்போது கதிர்காமம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். விரல் தங்குமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

எனக்கு தேவதாஸ் மேல் உள்ள ஆத்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும். அன்று சுற்றி நின்று வேடிக்கை பார்த்த கும்பலில் ஒருவர் செல்வாம்பாளிடம், "நாய் மோந்துதான பாத்துச்சு, அதுக்குப் போயி ஏம்மா இப்பிடிக் கத்துற?" என்று கேட்டுவிட்டு, நடைப்பயிற்சி கெட்டுவிடாமல் நகர்ந்தார். அவர் வீட்டில் நாயே கிடையாது.

உங்கள் வீட்டிலும் கிடையாதுதானே?