ஹைடவர் மன்றத்துக்கு வாரிசு தேவை

நடன மன்றத்தை இடிக்க இரண்டே நாள் பாக்கி. ரேடியோ நிலையத்தின் போன் லைன்களோ அத்தனையும் ஒரு பாடகியின் மூன்றாவது விவாகரத்துக்காக மினுக்கிக்கொண்டிருந்தன.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வடக்குப் பக்கத்தில், சனிக்கிழமை காலை வெர்லீனின் நிகழ்ச்சி ஓடாத சலூன் கிடையாது. முதலில் பிரபலங்களின் வீட்டு வம்பு, அடுத்து நம் கறுப்பின வரலாறு, கடைசியில் பேட்டைப் போராட்டம். வம்புக்குக் காது கொடுக்கிற கூட்டம், வரலாறு என்றதும் பல் தேய்க்கப் போய்விடும்.

"ஹைடவர் மன்றத்தைப் பத்தி யாராவது பேசுங்களேன்!" என்று வெர்லீன் கெஞ்சினாள்.

ஊரின் நடன அரங்குகளில் நம்மவர்களைத் தரை துடைக்க மட்டும் உள்ளே விட்ட காலத்தில், அலான்சோ ஹைடவர் சொந்தக் காசில் கட்டிய மன்றம் அது. வெர்லீனின் அப்பாவும் அம்மாவும் முதலில் கைகோத்து ஆடியது அங்கேதான். அது போனால் அவளுக்கு மனசே ஆறாது. நகராட்சியோ, வாரிசு என்று யாரும் வராததால் திங்கட்கிழமை இடிப்பதாகக் கடிதம் அனுப்பிவிட்டது.

"அது கெடக்கட்டும்க்கா," என்றது லைனில் ஒரு பெண் குரல். "விவாகரத்துல நாய்க்குட்டி யாருக்காம்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் ரூஃபஸ், அவள் ஹெட்போனில் சொன்னான். "வரலாறுன்னு சொன்னா ஓடத்தான் செய்வாங்க. அதையும் வம்பாவே சொல்லித் தொலை."

சொன்னாள். "மக்களே, இந்த ஹைடவர் இருக்காரே, ஆளு அப்படி ஒரு அழகு! முன்னாடி ஒரு தங்கப் பல்லு. பொண்ணுங்க வரிசையில நின்னாங்க. மனுஷன் ஏறெடுத்துப் பார்க்கலையே! கடைசி வரைக்கும் ஒரே பொண்டாட்டி. பிள்ளை குட்டிகூடக் கிடையாது, பாவம்."

அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஏம்மா வெர்லீன், பிள்ளை குட்டி இல்லேன்னா நான் யாரு? வானத்துலேருந்து விழுந்தேனா?" பேசியது ஆர்நெட்டா என்ற அம்மாள். "அவர் எங்க தாத்தா! இன்னிக்குப் பார்க்குல குடும்பமாக் கூடியிருக்கோம். நாப்பது பேரு. தாத்தா மூஞ்சி போட்ட மஞ்ச டி-ஷர்ட்டு!"

வாரிசு! வெர்லீன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். வாயைத் திறப்பதற்குள் அடுத்த லைன்.

"யாரு அந்தப் பொம்பளை? ஹைடவர் எங்க தாத்தா!" இது ஆற்றுக்கு அக்கரையிலிருந்து கிளியோதா. "வாராவாரம் வியாழக்கிழமை பாலம் தாண்டி எங்க வீட்டுக்கு வந்துடுவார்."

"வியாழக்கிழமை தாத்தாவுக்கு சர்ச்சுல கொயர் பாட்டு பிராக்டிஸ் ஆச்சே," என்றாள் ஆர்நெட்டா. சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஆமா. எங்க பாட்டியும் அதே கொயர்தான்."

வெர்லீன் குறுக்கே பாய்ந்தாள். "அந்தக் காலத்துல ரெண்டு ஹைடவர் இருந்திருக்கலாம்..."

"ரெண்டு பேருக்குமா தங்கப் பல்லு?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"சரி, சரி! ரெண்டு குடும்பமும் மன்றத்துக்கு வாங்க. நேர்ல பேசித் தீர்த்துக்கலாம்."

அதைத்தான் அவள் சொல்லியிருக்கக் கூடாது.

மத்தியானம் மன்றத்துப் படிக்கட்டில் இடது பக்கம் ஆர்நெட்டா வீட்டு மஞ்சள் டி-ஷர்ட், வலது பக்கம் கிளியோதா வீட்டு ஊதா. நடுவே, யாரும் கூப்பிடாமலே பச்சை டி-ஷர்ட்டில் இன்னொரு குடும்பம். அவர்கள் வீட்டுக்குத் தாத்தா வந்தது ஞாயிற்றுக்கிழமையாம். மூன்று நிறத்திலும் அதே முகம், அதே தங்கப் பல். மஞ்சள்காரர்களின் உருளைக்கிழங்கு சாலட்டில், நம்மவர் யாரும் போடவே கூடாத உலர்திராட்சை கிடந்ததைப் பார்த்த கிளியோதா, "இது ஹைடவர் ரத்தமே இல்ல!" என்று கத்த, ஆர்நெட்டா கரண்டியை ஓங்க, தெருவே திரண்டுவிட்டது.

கலாட்டா என்று தகவல் போய், கையில் கோப்புடன் நகராட்சி அதிகாரி லாம்கின் வந்து இறங்கினார். வெர்லீனின் மூன்று மனுக்களையும் முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பிய புண்ணியவான்.

"வாரிசே இல்லேன்னீங்களே சார், கண்ணாலப் பாருங்க!" என்றாள் வெர்லீன்.

"எல்லா வாரிசும் ஒரே காகிதத்துல கையெழுத்துப் போடணும்மா. ஒரு குடும்பம் குறைஞ்சாலும் இடிப்புதான்."

வெர்லீன் படியேறி நின்று கும்பிடாத குறையாகச் சொன்னாள். "அம்மாக்களே, தாத்தா பண்ணின கூத்துக்குக் கட்டடம் என்ன பண்ணும்?"

ஆர்நெட்டா கிளியோதாவை முறைத்தாள். கிளியோதா சாலட்டை முறைத்தாள். பிறகு மஞ்சள் கையெழுத்திட்டது, ஊதா கையெழுத்திட்டது, பச்சையும் கையெழுத்திட்டது. வெர்லீன் ஓடிப்போய்க் காகிதத்தை நீட்டினாள்.

லாம்கின் அதை வாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆர்நெட்டாவின் டி-ஷர்ட்டில் இருந்த முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது செல்லாதும்மா," என்றார் மெதுவாக.

"ஏன் சார்? மூணு குடும்பமும் போட்டாச்சே!"

லாம்கின் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எங்க பாட்டிக்குச் செவ்வாய்க்கிழமை."