சம்பந்தி மாவில் விழுந்த விவரம்

திருவண்ணாமலை,
30-8-1999

பெருமைக்குரிய மாப்பிள்ளை இளஞ்செழியன் அவர்களுக்கு, மாமனார் பரசுராமன் அநேக ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் அத்தை கன்னியம்மாளும் நலம். எலியும் நலம். உங்கள் அப்பா நலமா என்பதை நீங்கள்தான் கீழ்பென்னாத்தூருக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்ல வேண்டும். நான் போட்டால் வைத்துவிடுகிறார்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் சுற்ற வந்த சம்பந்தி, எங்களுக்கென்று ஒரு மூட்டை வேர்க்கடலையும் கொண்டுவந்திருந்தார். சாயங்காலம் கிளம்பும்வரை பொழுது போகட்டுமே என்று, போன தடவை நீங்கள் வீடியோ டெக்கோடு விட்டுப்போன கேசட்டைப் போட்டேன். பூனை எலியைத் துரத்தும் பொம்மைப்படம். பூனை கதவில் மோதித் தோசை மாதிரி தட்டையாகிறது, மறு நிமிஷம் எழுந்து ஓடுகிறது. சம்பந்தி சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறிவிட்டது. அந்த நேரம் பார்த்து டி.வி. ஸ்டாண்டின் அடியிலிருந்து நிஜமான எலி ஒன்று வெளியே வந்து மூட்டையை நோக்கி நடந்தது. ஓடக்கூட இல்லை, நடந்தது.

“சம்பந்தி, என் மல்லாட்டைய துன்னப் போவுது, புடிங்க!” என்று அவர் எழுந்தார். நான் துடைப்பத்தை எடுத்தேன். எலி பீரோவுக்கு அடியில் போக, அவர் குனிந்து குடையால் குத்த, அது வெளியே பாய்ந்து அவர் வேட்டிக்குள் ஏறிவிட்டது. “உள்ள பூந்துடுச்சு, உள்ள பூந்துடுச்சு!” என்று அவர் குதிக்கிறார், வேட்டிக்குள் ஒரு மேடு இப்படியும் அப்படியும் போகிறது, சம்பந்தியைக் காப்பாற்றுவதா, மரியாதை பார்ப்பதா? ஓங்கி ஒரு போடு போட்டேன். மாப்பிள்ளை, சத்தியமாக எலியைத்தான் அடித்தேன். அதற்குள் அது இறங்கிவிட்டிருந்தது. “அடிச்சிட்டியா?” என்றார். ‘ங்க’ போய்விட்டதைக் கவனித்தேன்.

எலி சமையலறைக்கு ஓட, துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு அவர் எலியைத் துரத்த, மன்னிப்புக் கேட்டபடி நான் அவரைத் துரத்த, அத்தை அப்போதுதான் கிரைண்டரிலிருந்து வழித்து வைத்த இட்லி மாவுக் குண்டானில் அவர் கால் போயிற்று. வழுக்கியவர் அலமாரியைப் பிடித்தார். அரிசி மாவு டப்பா தலையில் கவிழ்ந்தது. எலி தெருவுக்கு ஓடியது. அவரும் ஓடினார், உடம்பெல்லாம் வெள்ளையாக, கையில் துடைப்பத்தோடு.

பௌர்ணமியன்று எங்கள் தெரு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். யாரோ பெரிய சாமியார் என்று ஜனம் வழிவிட்டது. ஒரு அம்மாள் காலில் விழுந்தாள். “எழுந்திரும்மா” என்று துடைப்பத்தால் தட்டினார். அவள் கண்ணீரோடு கும்பிட்டாள். உடனே ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்திருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் குனிந்து முதுகைக் காட்டினார். சம்பந்தி என்மேல் இருந்த கோபத்தையெல்லாம் அங்கே இறக்கினார். பின்னால் வரிசை நின்றுவிட்டது. “எலி எங்கடா?” என்று அவர் கத்த, எலி என்றால் மனசு என்று பக்கத்தில் ஒருவர் விளக்கம் சொன்னார். எலியோ அவருக்கு முன்பே வீடு திரும்பி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தது.

“உன் வூட்டுக்கு வந்தேன் பாரு, எனக்கு இது தேவைதான்யா! வளைகாப்புக்கு நானும் வரமாட்டேன், என் மவனையும் வர வுடமாட்டேன்!” என்று சொல்லி, மலையும் சுற்றாமல், மாவோடே பஸ் ஏறிவிட்டார். கண்டக்டர் எழுந்து தன் சீட்டைக் கொடுத்தாராம்.

எங்கள் பெண் எழிலுக்கு இது ஏழாம் மாதம். அவளிடம் எதுவும் சொல்லாதீர்கள். வளைகாப்பில் உங்கள் அப்பா இல்லாவிட்டால் நான் எந்த முகத்தோடு சபையில் நிற்பேன்? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் நேரில் போய் எப்படியாவது சமாதானம் செய்யுங்கள். கேசட்டைத் தனியாகப் பார்சலில் அனுப்புகிறேன். இனி இந்த வீட்டு டி.வி.யில் செய்தி மட்டும்தான்.

உங்களையும் எழிலையும் வயிற்றிலிருக்கும் வாரிசையும் அண்ணாமலையார் குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அடிக்கக் கூடாதவரை அடித்துவிட்ட உங்கள் மாமனார்
பரசுராமன்

பி.கு.: கவரை ஒட்டும்போது கதவு தட்டும் சத்தம். ஜன்னல் வழியே பார்த்தால் உங்கள் அப்பா, எலிப்பொறியோடு. “தொறங்க சம்பந்தி. அது இன்னும் இருக்குதா? மொதல்ல கேசட்ட போடுங்க, அந்தப் பூனை எங்க கோட்டை வுட்டுச்சுனு பாக்கணும்” என்றார். ஆகவே கேசட் வராது. சமாதானமும் வேண்டாம், வளைகாப்புக்கு அவர்தான் முதல் ஆளாம். ஆனால் நாங்கள் மறுபடி துரத்தியதில் இன்று அரைத்த மாவும் போய்விட்டது. உங்கள் அத்தை பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். கடிதத்துக்கு முன்னாலேயே வந்துவிடுவாள். திருப்பி அனுப்ப அவசரம் வேண்டாம். எலி இன்னும் சிக்கவில்லை.