பெனல்டியால் வந்த பதவி உயர்வு

பாலையூற்று,
திருகோணமலை.
15-9-1963

அன்பும் மதிப்பும் மாறாத அத்தான் பாக்கியரத்தினம் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் இரத்தினசிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஞானமணியும் பிள்ளைகள் இருவரும் நலம். எனது வலது முழங்கால் மட்டும் நலமில்லை. அதன் விபரம் கீழே வரும். வெள்ளவத்தையில் நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை வழக்கம்போல அக்காவுக்கு உரத்து வாசித்துக் காட்டாமல், முதலில் நீங்கள் தனியாக வாசித்து, ஒரு தேநீர் குடித்து, எந்தெந்த இடங்களை விடலாம் என்று தீர்மானித்த பிறகு வாசித்துக் காட்டும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அத்தான், எனக்காக நீங்கள் கொழும்பில் எத்தனை மாடிப்படி ஏறி இறங்கினீர்கள் என்பது எனக்குத் தெரியும். இருபத்தொரு வருடம் துறைமுகக் கந்தோரில் தேயிலைப் பெட்டி எண்ணுவதில் தொடங்கி, நாற்பத்துமூன்று வயதில் பிரதம இலிகிதராக இருக்கும் என்னை, கொழும்புத் தலைமைக் கந்தோரில் உதவி அத்தியட்சகராக்க அந்தப் பெரிய மனிதரைப் பிடித்தீர்கள். தனி அறை, தலைக்கு மேலே மின்விசிறி, மணி அடித்தால் வந்து நிற்க ஒரு பியோன், இருக்க அரசாங்க வீடு. இதற்கெல்லாம் மிச்சமிருந்தது எங்கள் அத்தியட்சகர் தங்கரத்தினத்தின் சிபாரிசு ஒன்றுதான். அவரும் ஒன்பதாம் திகதி திங்கட்கிழமை கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருந்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வராமல் இருந்திருந்தால்.

அந்தச் சனிக்கிழமை இவ்வருடக் கேடயத்துக்கான உதைபந்தாட்ட இறுதி ஆட்டம். ஒரு பக்கம் எங்கள் கந்தோர் அணி, மறுபக்கம் துறைமுகத்துக்கு அக்கரையிலுள்ள கிண்ணியா அணி. கந்தோர் அணியின் கோல் கீப்பர், ஐம்பத்திரண்டு வயதிலும், யார் சொல்லியும் கேட்காமல், சாட்சாத் அத்தியட்சகர் தங்கரத்தினம். நான் சனி, ஞாயிறுகளில் ரெபரியாக ஓடுவது உங்களுக்குத் தெரியும். அக்கா அதை 'அந்த விசில் விளையாட்டு' என்பா. ஊரில் பரீட்சை சித்தியடைந்த ரெபரிமார் இரண்டே பேர். மற்றவர் சாமித்தம்பி, இறுதி ஆட்டத்தில் யார் கோலுக்கு நிற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டவுடன் தனக்குக் காய்ச்சல் என்று அறிவித்துவிட்டு, அந்தக் காய்ச்சலோடு குச்சவெளி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். எனக்கும் காய்ச்சல் வரவழைக்கலாம் என்றுதான் கட்டிலில் படுத்திருந்தேன். ஞானமணி பள்ளிக்கூடத்துக் கணக்குக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தவள், தலை நிமிராமலே, "போறதெண்டால் போங்கோ, ஆனால் இண்டைக்கு மட்டும் கண்ணை வீட்டில வைச்சிட்டுப் போங்கோ," என்றாள். அதற்குள் அத்தியட்சகரே ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார். "இரத்தினசிங்கம், நீர் எங்கட ஆள். நியாயமா ஊதும். விளங்குதோ? நியாயமா." இரண்டாவது 'நியாயமா'வுக்கு அவர் கொடுத்த அழுத்தம் எனக்கு நன்றாகவே விளங்கியது.

ஆட்டம் அரை மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது. கோட்டைப் பக்கத்து மான்கள் நான்கு மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டு, கந்தோர் முழுவதும் திரண்டு துரத்தியும் போகமாட்டோம் என்றன. தொடங்கிய பிறகு ஆளுக்கொரு கோல். நானும் எந்தப் பெரிய காரியமும் நடந்துவிடக் கூடாதென்று கடவுளைக் கும்பிட்டபடியே ஓடினேன். முடிய நான்கு நிமிடம் இருக்கையில் கிண்ணியாவின் லாபிர் பந்தோடு இரண்டு பேரை வெட்டிக்கொண்டு உள்ளே வந்தான். அத்தியட்சகர் முன்னால் பாய்ந்தார். பந்து அவரைத் தாண்டிப் போய்விட்டது, லாபிரும் தாண்டிப் போகப் பார்த்தான். அப்போது, அத்தான், அவர் தரையில் கிடந்தபடியே லாபிரின் காலை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஊரே பார்த்தது. லாபிர் அவரையும் இழுத்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தான் என்றால் பாருங்கள்.

நான் யோசித்து ஊதினேன் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். யோசித்திருந்தால் ஊதியிருக்கமாட்டேன். விசில் சத்தம் கேட்டது, யார் ஊதியது என்று திரும்பிப் பார்க்கையில்தான் அது என் வாயிலிருந்தது தெரிந்தது. திங்கட்கிழமைக் கையெழுத்து எனக்கு நினைவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

"என்ன ஊதினீர்?" என்றார் அத்தியட்சகர், எழும்பிக்கொண்டே.

"பெனல்டி, சேர்."

"ஆருக்கு?"

"கிண்ணியாவுக்கு, சேர்."

"நான் ஆரெண்டு தெரியுமோ உமக்கு?"

"ஓம் சேர். திங்கட்கிழமை நீங்கள் என்ரை அத்தியட்சகர். இப்ப கோல் கீப்பர்."

அவர் பந்தைத் தூக்கி மைதானத்துக்குப் பக்கத்துக் கடலுக்குள் எறிந்தார். நான் வேறு பந்து எடுத்துவரச் சொல்லிவிட்டு, அவரை மைதானத்தை விட்டு வெளியே அனுப்பினேன். "தயவுசெய்து போங்கோ, சேர்," என்றுதான் சொன்னேன். இலிகிதர் புத்தி அந்த நேரத்திலும் போகவில்லை. அவருடைய இடத்தில் எங்கள் பியோன் வேலாப்போடி போய் நின்று, பந்து வரும்போது கண்ணை மூடிக்கொண்டார். லாபிர் அடித்தான். கிண்ணியா வென்றது. கடைசி விசிலை ஊதியவுடன் எங்கள் கந்தோர் ஆட்கள் முப்பது பேர் என்னை நோக்கி வருவதைக் கண்டேன். வாழ்த்துச் சொல்ல வரவில்லை என்பது அவர்கள் வந்த வேகத்தில் தெரிந்தது. ஓடினேன். துறைமுகத்து மதிலால் குதித்தேன். முழங்கால் போனது அங்கேதான். விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் கிண்ணியாக்காரரின் இயந்திர வள்ளம் நின்றதால் என்னையும் கேடயத்தையும் ஒன்றாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள்.

அத்தான், இதை அக்காவுக்கு வாசிக்க வேண்டாம். வள்ளம் துறைமுகத்தைத் தாண்டும்போது, முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, ஒரு சப்பாத்துக் கடலோடு போய், உத்தியோகமும் அநேகமாக அதன் பின்னாலேயே போய்விட்ட நிலையில், நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கந்தோரில் இருபத்தொரு வருடமாக எனக்கு ஒரு நாளும் அப்படிச் சிரிப்பு வந்ததில்லை. கிண்ணியாவில் இறங்கியதும் லாபிரின் தாயார் பரீதா என் காலுக்கு எண்ணெய் பூசிக் கட்டிக்கொண்டே, "தம்பிக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டார். பிரதம இலிகிதர் என்றேன். "அப்ப இந்த விசில்?" "அது சும்மா, உம்மா." அவர் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டார். "சும்மாவுக்கு ஒருத்தர் காலை முறிச்சிக்க மாட்டாரே, வாப்பா," என்றார்.

திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதத்தை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நொண்டி நொண்டிக் கந்தோருக்குப் போனேன். அத்தியட்சகர் என்னைக் கூப்பிட்டு, "கதிரையில இரும்," என்றார். அதற்கு முன் ஒருநாளும் அவர் அதைச் சொன்னதில்லை. சிபாரிசு ஏற்கெனவே தட்டச்சாகிக் கையெழுத்தும் வைத்து மேசையில் இருந்தது. என்னைப் போல நேர்மையானவரை, எவருக்கும் அஞ்சாதவரை, இந்தச் சிறிய ஊரில் வைத்திருப்பது நாட்டுக்கே நட்டம் என்றும், உடனடியாகக் கொழும்புக்கு எடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். 'உடனடியாக' என்பதன் கீழே மையால் இரண்டு கோடு. நான் நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னேன். "நன்றி எல்லாம் வேண்டாம். அடுத்த வருஷமும் நான் கோலுக்கு நிப்பன். நீர் இங்க நிக்கப்படாது. அவ்வளவுதான்," என்றார். எனது சம்மதப் படிவத்தையும் தந்தார். அதில் நான் ஒரு கையெழுத்து வைத்தால் எல்லாம் முடிந்தது.

அந்தப் படிவத்தை நான்கு நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிள்ளைகளுக்குக் கொழும்புப் படிப்பு, அக்காவுக்குத் தம்பி பக்கத்தில், எனக்கு மின்விசிறி. ஒவ்வொன்றாக யோசித்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பேனையை எடுத்தால் கை போகவில்லை. இதற்கிடையில் மூதூரிலிருந்தும் கந்தளாயிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். "பெனல்டி குடுத்த ஐயா இவர்தானோ?" என்று வாசலில் நின்று கேட்டார்கள். தங்கள் ஆட்டத்துக்கு நான்தான் ஊத வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன். டிசம்பர் வரை பதினொரு ஆட்டத்துக்குச் சம்மதித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை படிவத்தைக் கையெழுத்து இல்லாமலே கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அத்தியட்சகர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உமக்கு விசரோ?" என்றார். "அப்ப நான் அடுத்த வருஷம் என்ன செய்யிறது?" "கையைப் பந்தில மட்டும் வைச்சால் போதும், சேர்," என்றேன். அவர் படிவத்தை நாலாகக் கிழித்துக் கூடைக்குள் போட்டார்.

ஆகவே அத்தான், அந்தப் பெரிய மனிதரிடம் போய், இப்படி ஒரு மடையன் எனக்கு மைத்துனனாக வாய்த்துவிட்டான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அந்தக் கதிரையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்கள். கொழும்பில் நான் பெரியவனாக இருக்கலாம். இங்கே நான் நானாக இருக்கிறேன். இதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்கு ஏலாது. உங்கள் கோபம் ஆறும்வரை காத்திருக்கிறேன். உங்களுக்கும் அக்காவுக்கும் கோணேசப் பெருமான் நீண்ட ஆயுளும், என்னைப் பொறுத்துக்கொள்ளும் மனமும் தந்தருளட்டும்.

தங்கள் பணிவுள்ள,
சி. இரத்தினசிங்கம்

பி.கு.: திங்கட்கிழமை மாலை. உறையை ஒட்டியாயிற்று, மறுபடியும் கிழித்துத் திறந்து இதை எழுதுகிறேன். சற்று முன் ஞானமணி பள்ளிக்கூடத்தால் வந்து ஒரு நீளமான கடிதத்தை என் முன்னால் வைத்தாள். கொழும்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் அவளை உப அதிபராக நியமித்திருக்கிறார்கள். தை மாதமே விண்ணப்பித்திருக்கிறாள். "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "கிடைக்காட்டில் நீங்கள் எனக்கு ஆறுதல் சொல்லுவியள். அதைக் கேக்க ஏலாதெண்டுதான்," என்றாள். பிறகு, "நான் முதலாந்திகதி பாரம் எடுக்கப் போறன். நீங்கள் உங்கட வசதியைப் பார்த்து வாங்கோ," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். அத்தான், பதினாறு வருடமாக என்னோடு இருக்கிறவள், உள்ளே ஏதோ பாடிக்கொண்டு தேநீர் போடுகிறாள். அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். ஆகவே மேலே எழுதியவற்றில் திகதியையும் முழங்காலையும் தவிர வேறொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம். இதைக் கண்டவுடன் அந்தப் பெரிய மனிதரிடம் ஓடுங்கள். அந்தக் கதிரை போயிருந்தால் வேறு எந்தக் கதிரையானாலும் சரி. தனி அறை வேண்டாம், மின்விசிறி வேண்டாம், பியோனும் வேண்டாம். ஞானமணியின் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்தால் போதும்.