பின்னால் நின்று உதைத்தது யார்?

படித்த படிப்பில் என் உடம்பே எனக்குப் பரீட்சை வைக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அவ்வளவு தலைக்கனம்.

குதிகாலுக்கு மேலே தடிப்பாக ஒரு தசைநாண் இருக்கிறதே, அது எப்படி அறுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. அறுந்தவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். "ஆரோ பின்னாலை நிண்டு உதைச்ச மாதிரி இருந்தது தம்பி. திரும்பிப் பார்த்தால் ஒருத்தருமில்லை."

அந்த நாட்களில்தான் கண்டாவளைக்குப் பொம்பிளை பார்க்கப் போனேன். வதனி தேத்தண்ணியை வைத்துவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். (அதில் சீனி இருந்ததா என்று இன்றுவரை தெரியாது.) இவள் இல்லையென்றால் எனக்குக் கலியாணமே வேண்டாம் என்று தோன்றிவிட்டது. பதற்றத்தில் வாய் நிற்கவில்லை. என் ஆராய்ச்சி முழுவதையும், அந்த உதைக் கதை உட்பட, அவளுக்கு ஒப்புவித்து முடித்தேன்.

"வாங்கோ தம்பி, வயலை ஒருக்கால் பார்ப்பம்" என்றார் அவளுடைய தகப்பன். வரம்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கலாம். வந்தவரை முன்னுக்கு விடுவதுதான் மரியாதை என்று அவர் பின்னால் வந்தார். பின்னேர வெயில் கதிர்களில் மஞ்சளாகப் படிந்திருந்தது. காற்று வயலைத் தடவிக்கொண்டு போனது. என் கால் நிலத்தில் படுகிறதா என்றே தெரியவில்லை. அவர் உரத்தைப் பற்றி ஏதோ சொன்னார். நான் வதனியோடு எங்கேயோ மிதந்துகொண்டிருந்தேன். அந்த மிதப்பிலேயே, குறுக்கே வந்த வாய்க்காலைத் துள்ளிக் கடக்கப் பார்த்தேன்.

டப்! பின்னங்காலில் ஒரு உதை.

சேற்றில் விழுந்தவன் திரும்பிக் கத்தினேன். "பொம்பிளை தர விருப்பமில்லையெண்டால் வாயாலை சொல்லுங்கோவன்! ஏன் ஐயா உதைக்கிறியள்?"

மனுசன் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "ஐயோ தம்பி, முருகனாணை நான் உதைக்கேல்லை!"

அவர் நின்றது பத்து முழம் தள்ளி. அங்கிருந்து உதைக்க அவருக்குப் பனை உயரத்தில் கால் வேண்டும்.

சத்தம் கேட்டு வதனி ஓடிவந்தாள். என் காலைப் பார்த்தாள், தகப்பனின் கைகளைப் பார்த்தாள். "அப்பா, இதைத்தானே இவர் இவ்வளவு நேரமும் வீட்டிலை இருந்து சொன்னவர்! அறுந்துபோச்சு, பிடியுங்கோ!"

வலியை விட வெட்கம்தான் கொன்றது. எல்லாம் முடிந்தது என்று, காலில் கட்டோடு ஆஸ்பத்திரிக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கண்ணை மூடினால் அதே மஞ்சள் வயல். மூன்றாம் நாள் வதனியின் தகப்பன் இளநீரோடு வந்தார்.

"பொடியன்ரை படிப்பு பொய்யில்லை. நான் கண்ணாலை பார்த்தனான்" என்று என் அம்மாவிடம் சொல்லிக் கலியாணத்தைப் பேசி முடித்துவிட்டுப் போனார்.

இன்றைக்கும் எங்கள் குசினியில் ஒரு கோப்பை விழுந்து உடைந்தால், வதனி என்னைத் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே, விறாந்தையில் கதிரையில் இருக்கும் மாமா இரண்டு கையையும் மேலே தூக்கிவிடுவார்.