சுவருக்கு அந்தப் பக்கம் ‘மறுபடி’

ஒரு பாட்டின் முதல் பாதியை மட்டும் ‘மறுபடி’யைவிட அதிகம் வாசித்தவர் இந்த உலகத்தில் இருக்க முடியாது. பியானோவில் விரல் தவறினால் “ச்சே, மறுபடி” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவாள். கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். ஒரு நாளைக்கு நூறு ‘மறுபடி’யாவது என் காதில் விழும். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைத் தெரு மறந்தே போய், அவளை ‘மறுபடி’ என்றே கூப்பிட்டது.

அவள் அப்பா கடற்கரைப் பக்கம் ஓர் ஓட்டலில் சமையற்காரர். இடத்தை அடைக்கிறதென்று அங்கே கழித்துக்கட்டிய பழைய பியானோவைக் குட்டியானை வண்டியில் ஏற்றி வந்தார். இறக்கிய எட்டுப் பேரில் நானும் ஒருவன். இன்றும் குனிந்தால் இடுப்பு அதை ஞாபகப்படுத்துகிறது. கடல் காற்றின் ஈரத்தில் கட்டைகள் ஒட்டிக்கொள்ளுமாம். அதனால் பியானோவின் வயிற்றுக்குள் எப்போதும் ஒரு குண்டு பல்பு எரியும். கரண்ட் போனால் ஒயரோடு எங்கள் இன்வெர்ட்டரைத் தேடி வந்துவிடுவாள்.

“உங்க ஃபேன நிறுத்திட்டு பல்பு போட்டுக்கட்டுமா அங்கிள்? உங்களுக்கு வேர்த்தா தொடச்சிக்குவீங்க. அது என்னா பண்ணும்?”

நியாயமாகத்தான் பட்டது. நான் விசிறியோடு உட்கார்ந்திருப்பேன்.

விரல்களை அவள் காப்பாற்றிய விதம் தனிக் கதை. காய் நறுக்க மாட்டாள். அரியாங்குப்பம் பஸ்ஸில் கம்பியை முழங்கையால் கோத்துக்கொண்டு தொங்குவாள். கையில் ஏதோ அடி என்று நினைத்து கண்டக்டர் யாரையாவது எழுப்பிவிடுவார். அவளும் மறுக்காமல் உட்கார்ந்துகொள்வாள்.

இத்தனை இருந்தும் அந்தப் பாட்டில் ஓரிடம் மூன்று வருடமாக அவளுக்கு வழிவிடவில்லை. இடது கை கிடுகிடுவென்று ஏறி வரும், வலது கை அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும், அங்கே சறுக்கும். பால்காரர் முதல் இஸ்திரிக்காரர் வரை எல்லோருக்கும் அந்த இடம் அத்துப்படி. வண்டியை நிறுத்திக் காத்திருப்பார்கள். “ச்சே” கேட்டதும் கிளம்புவார்கள். நான் சுவரைத் தட்டியிருக்கிறேன். வேறு வீடு பார்க்கலாமென்று மனைவியிடம் சண்டையும் போட்டிருக்கிறேன்.

ஒருநாள் பிரான்சிலிருந்து ஓர் இசைக் கல்லூரி ஆசிரியை வந்தார். அவர் முன்னால் வாசித்துத் தேறினால் அங்கே போய்ப் படிக்க இடம். தெருவே திரண்டு அரங்கின் பின்வரிசையை நிரப்பினோம். அந்த இடம் வந்தது. யாரும் மூச்சு விடவில்லை. வலது கை தாண்டியது. சறுக்கவில்லை.

முதலில் எழுந்தவர் இஸ்திரிக்காரர். அடுத்த நொடி தெரு மொத்தமும் எழுந்து கைதட்டியது, விசில்கூட அடித்தது. பாட்டு முடியும்வரை தும்மக்கூடக் கூடாது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? முன்வரிசை திரும்பி முறைத்தது. பியானோ நின்றுவிட்டது.

பெண்ணின் மூன்று வருட உழைப்பைக் கைதட்டியே கெடுத்துவிட்டோமே. அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், சிரித்தாள். பிறகு பாட்டை முதலிலிருந்து தொடங்கி, அந்த இடத்தையும் தாண்டி, நாங்கள் ஒருநாளும் கேட்டிராத பின்பாதியையும் வாசித்து முடித்தாள். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தோம். ஆசிரியை எழுந்து நின்று தட்டிய பிறகுதான் எங்களுக்குத் தைரியம் வந்தது.

பிரான்சுக்குப் போய்ப் படித்து, இப்போது பெரிய பெரிய ஊர்களில் வாசிக்கிறாள். சுவரொட்டியில் அவள் படம் போடுகிறார்களாம். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் கேட்ட அமைதி கிடைத்துவிட்டது, மத்தியானத் தூக்கம்தான் போய்விட்டது. ஏங்குகிறேன் என்று சொல்ல இந்த வயதில் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை. அவள் கச்சேரியைப் போனில் போட்டுக் கேட்டேன். ஒரு தடுமாற்றமும் இல்லாமல் ஓடி முடிந்தது. யாரோ வாசிப்பது போலிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பேசினாள். கச்சேரி எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

“நல்லாத்தான் போவுது அங்கிள். அந்த எடத்த இப்ப சுலுவா தாண்டிடுறேன். ஆனா அது கஷ்டமான எடம்னு இங்க யாருக்குமே தெரியல.”

“எங்களுக்குத் தெரியும்மா,” என்றேன். “ஒரு நட வந்துட்டுப் போயேன்.”